இருவரும் அடித்துவிட்ட வரி

இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது, வேலை செய்யும் முறையையும் ஒன்றாக்க வேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அவள் இருபது வருடமாகத் தர அதிகாரி. அவள் நிறுவனத்தில் எதற்கும் ஃபைல், எதற்கும் கையெழுத்து. வந்து சேர்ந்தவர்கள் சுவரில் கலர் சீட்டு ஒட்டி, காலையில் கால்மணி நேரம் நின்றபடியே பேசிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள். அந்தப் பக்கத்துத் தலைவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர் விழுந்தது. அவர் ஆட்கள் இவளை ஃபைல் அம்மா என்றார்கள்.

"ரெண்டுலயும் இருக்கிற நல்லத எடுத்து ஒண்ணாக்குங்க" என்றார் இயக்குநர், ஏதோ இரண்டு சட்டைத் துணியை ஒட்டுப்போடச் சொல்வதுபோல.

முதல் மாதம் எலியும் பூனையும்தான். பிறகு ஒருநாள், அவளுடைய படிவம் ஒன்றைப் படித்த சீட்டுக்காரர், "அக்கா, இதுல பதினொண்ணாவது கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். பதில் இல்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் அவளுக்குத் தம்பி.

ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. கடைசி வாரம், இரண்டு முறைகளிலும் இருந்த ஒரே மாதிரியான படிகளில் ஒன்றை வைத்து மற்றதைக் கழித்தார்கள். வெளியிடும் முன் வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற வரி இரண்டு பக்கமும் இருந்தது. தம்பி பக்கம் இருக்கிறதே என்று அவள் தன்னுடையதை அடித்தாள். அக்கா பக்கம் இருக்கிறதே என்று அவர் தன்னுடையதை அடித்தார். திங்களன்று முழுதாகப் படித்தபோது ஏதோ குறைகிறதே என்று அவளுக்கு நெருடியது. கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்று. அப்புறம் மறந்தே போனது.

அவர்கள் செய்தது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். மூன்றாவது வெளியீட்டில், ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் போனது. ஒரு பஸ் ஓட்டுநரிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மை தெரிய இரண்டு மாதமானது. அதற்கடுத்த மாதம் அவர் இறந்துபோனார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை.

விசாரணை நடந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள்.

"சரிபாக்குற படிய எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றார் சீட்டுக்காரர்.

நானும்தான் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. குனிந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராவது நாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"முடிஞ்ச விஷயம்மா. ஒருத்தர் போனது போதும்" என்று அவர் கணினி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் சீட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். மனைவிதான் கதவைத் திறந்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை. சீட்டுக்காரர் உள்ளிருந்து எழுந்து வந்தார். நான்கு நாள் தாடி.

"தம்பி, அன்னைக்கு நான் வாயத் திறந்திருக்கணும்."

"திறந்திருந்தா ரெண்டு பேரும் வீட்ல இருந்திருப்போம்."

"இருந்திருக்கலாமே."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "அந்த டிரைவருக்கு ரெண்டு பொண்ணுங்களாம். அவங்க வீட்டுக்கு நம்ம கம்பெனியில இருந்து யாராச்சும் போனாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. போகக் கூடாதுன்னு கம்பெனி வக்கீல் சொல்லிட்டார்."

"நானும் தெரு முனை வரைக்கும் போனேன் அக்கா. அதுக்கு மேல கால் வரல."

அதுவரை ஒதுங்கி நின்ற அவர் மனைவி, அவளைப் பார்த்து, "உள்ள வந்து உட்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். இருட்டிய பிறகும் விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை.