மந்திரிச்ச லொறி

வெள்ளாங்குளத்தில் கதிர்காமுவின் நெல் களத்தில் குவிந்து கிடந்தது. கிழக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்துக் களத்தில் நவரத்தினத்தின் உழவு றக்ரர், சுமை ஏற்றும் பெட்டியோடு சும்மா நின்றது. நவரத்தினம் வேறு யாருமில்லை, கதிர்காமுவின் சகலன். பெண்சாதிமார் இருவரும் அக்காவும் தங்கையும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மத்தியானத்துக்குள் நெல் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆகையால் கதிர்காமு விடியவே முதல் பஸ்ஸைப் பிடித்து, பாலம் கடந்து, மன்னார்த் தீவில் இருக்கும் தோட்டவெளிக்கு லொறி பிடிக்கப் போனார்.

அவரைக் குறை சொல்லக்கூடாது. நவரத்தினம் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் அவரை இரண்டாம் பந்தியில் இருத்தியவன். விதானையாரும் சங்கக்கடை மனேச்சரும் முதல் பந்தியில் வடையைச் சுடச்சுடத் தின்ன, மூத்த சகலன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு விட்ட பேச்சு. நனைந்த நெல்லையாவது காயவைக்கலாம், போன மானத்தைக் காயவைக்க முடியுமா என்பது அவருடைய கட்சி. அந்த நெல்தான் வருசச் சாப்பாடு என்று மனைவி அன்னப்பிள்ளை சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

தோட்டவெளியில் பெனடிக்ற்றின் பழைய பெற்றோல் லொறி புது நீலப் பெயின்ற்றோடு கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. இஞ்சினை மூடும் பொனற் திறந்து கிடந்தது.

"நல்ல நாள் பாத்து வந்திருக்கிறியள் அண்ணை," என்றான் பெனடிக்ற். "இப்பதான் பங்குச் சுவாமி வந்து மந்திரிச்சிட்டுப் போறார். ஏறுங்கோ."

கதிர்காமு ஏறினார். பெனடிக்ற் சிலுவை போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்தான். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, இருமியது, அடங்கியது. மறுபடியும் அடித்தான். இருமலும் இல்லை.

ஒரு லொறி ஸ்ராட் வரவில்லை என்றால் அந்த ஊரில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. கரைவலைக்காரர் வந்தார்கள், சைக்கிள் கடைக்காரர் வந்தார், ரயில் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் பிளக் என்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். ஒருவர் பெற்றோல் வரவில்லை என்றார். குழாயைக் கழற்றி ஊதியதில் பெற்றோல் அவருடைய வாய்க்கே வந்தது. பற்றரிதான் என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். பற்றரி நல்லாய் இருந்தபடியால்தான் இஞ்சின் சுற்றியது என்று அவருக்கு யார் சொல்வது? பிறகு எல்லோருமாகத் தள்ளினார்கள். மணலில் சில்லுப் புதைந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் நடுவில் பெனடிக்ற் ஒரு போத்தலை எடுத்து, இஞ்சினுக்கு மேல் ஒரு மடக்கு ஊற்றினான்.

"அதென்ன தம்பி?" என்று கேட்டார் கதிர்காமு.

"மந்திரிச்ச தண்ணி அண்ணை. சுவாமி ரெண்டு சொட்டுத்தான் தெளிச்சவர். இவ்வளவு பெரிய லொறிக்கு ரெண்டு சொட்டு காணுமோ? அவர் போனாப்பிறகு நான்தான் அரைப் போத்தலை ஊத்தினனான்."

கதிர்காமுவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அடுத்தவர் வேதத்தில் தலையிடக்கூடாது என்று வளர்ந்த மனிதர். தன் ஊர் இருக்கும் வடகிழக்கைப் பார்த்தார். மேகம் இன்னும் கறுத்திருந்தது.

"உங்கடை முறைக்கும் ஒண்டு செய்து விடுங்கோ," என்று பெனடிக்ற் பெருந்தன்மையோடு ஒரு தேங்காயை நீட்டினான். மறுத்தால் மரியாதை இல்லையே. கதிர்காமு பொனற் விளிம்பில் அடித்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. தேங்காய்த் தண்ணீர் முழுவதும் இஞ்சினுக்குள் போனது. ஆக, இரண்டு சமயமும் சேர்ந்து அந்த லொறியைக் குளிப்பாட்டி முடித்தன.

பெனடிக்ற்றின் பெண்சாதி அன்ரோனெற் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணியை ஊத்தினால் அடுப்புப் பத்துமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கதிர்காமுவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை உருவினார். வயர்களெல்லாம் வந்து கூடுகிற அந்தக் கறுத்த மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே தேங்கி நின்ற தண்ணீரைத் துடைத்தார். வயர் வயராகத் துடைத்தார். நவரத்தினத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தத் துடைப்பில் தெரிந்தது.

செல்ஃப் அடித்த உடனே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"கண்டியளோ," என்றான் பெனடிக்ற் கூட்டத்தைப் பார்த்து. "ஐயாவின்ரை சால்வையிலை திருநீறு இருந்திருக்கு."

வழியில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாங்குளம் போய்ச் சேர்ந்தபோது களத்தில் ஒரு மணி நெல் இல்லை. கதிர்காமு அப்படியே சேற்றில் குந்தப் போனார். அன்னப்பிள்ளை உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நெல் வீட்டிலை கிடக்கு. நவரத்தினம்தான் ஏத்தித் தந்தது."

"ஆரைக் கேட்டுச் செய்தனீ?"

"அவரைத்தான் கேட்டனான். நீங்கள் கேக்கட்டும் எண்டுதானாம் மூண்டு நாளாய் றக்ரரை எங்கடை களத்தடியிலை விட்டிருந்தவர். நீங்கள்தான் லொறி பிடிக்கப் போட்டியளே."

நெல் தப்பியதில் அவருக்கு உயிர் வந்தது. தான் கேட்கவில்லை என்பதில் உள்ளூர ஒரு சந்தோசமும் இருந்தது. வெட்கமும் இருந்தது, அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று வந்தார். பெனடிக்ற் இஞ்சினை நிறுத்திவிட்டு, கொட்டும் மழையில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"எடுக்குதில்லை அண்ணை. சில்லும் சேத்திலை தாண்டுபோச்சு. இழுக்கிறதுக்கு இந்தப் பக்கத்திலை ஆரிட்டையும் றக்ரர் இருக்கோ?"

கதிர்காமு சால்வையைப் பார்த்தார். பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

நவரத்தினம் தன் வீட்டுக் கொட்டிலில் றக்ரரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. களத்துக்குப் போகும் ஒழுங்கையில் நின்ற லொறி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"என்ன அண்ணை?" என்றான்.

கதிர்காமு றக்ரரைக் கேட்டார்.

"சத்தத்திலை விளங்கேல்லை," என்று இஞ்சினை நிறுத்தினான் நவரத்தினம்.