பெற்றோரை அழைத்து வரவும்

வேலையில் சேர்ந்த முதல் நாள் லோகப்பிரியாவுக்கு மூன்று விஷயங்கள் கொடுத்தார்கள்: ஒரு நீலநிற ஓவர்கோட், ஒரு அடையாள அட்டை, கேள்வி கேட்கும் உரிமை. முதல் இரண்டையும் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதைத் திரையில் காட்டிவிட்டு புரொஜெக்டரை அணைத்துவிட்டார்கள்.

திரையில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, எதற்கென்று தெரியாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே 'உங்கள் கேள்வியே எங்கள் வளர்ச்சி' என்று எழுதியிருந்தது. ஹெச்.ஆர். மேனேஜர் அருள்குமார் அதை விளக்கினார்.

"எது வேணாலும் கேக்கலாங் கண்ணு. மொதல்ல சூப்பர்வைசர், அப்புறம் நானு. அதுக்கும் மேல போகோணும்னா வியாழக்கெழம மூணு மணிக்கு எம்.டி. சாரே ஒக்காந்து கேக்கறாரு. இங்க நாம எல்லாம் ஒரே குடும்பம் பாத்துக்கங்க."

அரசூர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார் செய்கிற கம்பெனி அது. லோகப்பிரியா உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து வந்தவள். அவள் அப்பா பொங்கியண்ணன் தேங்காய்க் களத்தில் காய் உரிக்கிறவர். அவர்கள் வம்சத்திலேயே இன்ஜினியரிங் காலேஜுக்குள் முதலில் கால் வைத்தவள் அவள்தான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு மாதம் பயிற்சி. எம்.டி. கையெழுத்துப் போட்டால் அதற்கப்புறம் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடியும் ஊர். களத்து மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலைவாய்ப்புச் செய்தி படிக்கலாம்.

அவளுக்குக் கேள்வி வர ரொம்ப நாள் ஆகவில்லை. மூன்றாவது நாளே வந்துவிட்டது.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பிரிவில் முப்பத்தெட்டுப் பெண்கள். அவர்களுக்கு இரண்டு கக்கூஸ். ஒன்றில் பழைய செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கியிருந்தார்கள். செம்புக்கும் ஒதுங்க இடம் வேண்டுமல்லவா. மற்றொன்றில் பூட்டுத் தொங்கியது. சாவி, கேட்டில் உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டி சுப்பண்ணனிடம். போகிறவள் ஷெட்டைத் தாண்டி, லாரி நிற்கிற முற்றத்தைத் தாண்டிப் போய், அவர் மேசை மேல் கிடக்கிற நோட்டில் பெயர், டோக்கன் நம்பர், போன நேரம் எழுதிச் சாவி வாங்கவேண்டும். வந்த நேரம் எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் சிவப்பு மையில் ஒரு வட்டம். மாசக் கடைசியில் வட்டங்களை எண்ணி, நாலுக்கு மேல் இருப்பவளைக் கூப்பிட்டு, "உடம்புக்கு ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று அன்பாக விசாரிப்பார்கள்.

சுப்பண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். பாவம், அவர் ஒரு நாளும் சாவி வாங்க வருகிறவளின் முகத்தைப் பார்த்ததில்லை. மேசையைப் பார்த்தபடியே நீட்டுவார், மேசையைப் பார்த்தபடியே வாங்குவார்.

ஆண்கள் பக்கம் பூட்டுமில்லை, நோட்டுமில்லை. ஒன்றிரண்டுக்குக் கதவும் இல்லை. அவ்வளவு சுதந்திரம்.

பதினாலு வருடமாகக் காயில் சுற்றுகிற முத்தாத்தாளிடம் லோகப்பிரியா கேட்டாள். "ஏனுங்கக்கா, இத ஒருத்தரும் கேக்கலீங்களா?"

"என்னத்தக் கேக்கறது அம்மணி? காத்தால ஊட்டுல இருந்து வாரப்பவே போயிட்டு வந்துருவேன். அப்புறம் சாயங்காலம் ஊடுதான். எடையில தண்ணி குடிச்சாத்தான வம்பு?"

"உங்களுக்குச் சக்கரைன்னு சொன்னீங்களே?"

"அதுக்குத்தான் போன மாசம் ஒம்போது வட்டம்," என்று சொல்லி முத்தாத்தாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசர், "அது ஹெச்.ஆர். சப்ஜெக்ட்," என்றார். ஆக, ஹெச்.ஆர்.

"சூப்பர் கண்ணு! நல்ல கேள்வி!" என்றார் அருள்குமார். டீ சொன்னார். "அது லேடீஸ் சேஃப்டிக்காகத்தான் வெச்சிருக்குது. நீங்க புதுசு, போகப் போகப் புரியும்."

"பூட்டி வெச்சாச் சேஃப்டியுங்களா சார்?"

"டீ ஆறுது பாருங்க."

டீயைக் குடித்தால் சாவி வாங்கப் போகவேண்டியிருக்கும் என்பதால் அவள் குடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் இருமுறை இமெயில் போட்டாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று இருமுறை பதில் வந்தது. மூன்றாவது வியாழக்கிழமை மூன்று மணிக்கு எம்.டி. அறை வாசலில் போய் நின்றாள். அந்த வியாழக்கிழமை வரிசையில் அவள் ஒருத்திதான். எந்த வியாழக்கிழமையும் அந்த வரிசையில் ஒருத்தரும் நின்றதில்லை என்று பிறகு தெரிந்தது.

எம்.டி. யஷ்வந்துக்கு முப்பத்தைந்து வயது. வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். அவரைப் போல் காதுகொடுத்துக் கேட்கிற மனிதரை லோகப்பிரியா பார்த்ததே இல்லை. முன்னால் சாய்ந்து கேட்டார், தலையாட்டிக் கேட்டார், பேனாவை மூடிவைத்துக் கேட்டார். அவள் 'கக்கூஸ்' என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"இத நான் கம்ப்ளைண்ட்டா எடுத்துக்கல, லோகப்பிரியா. இன்புட்டா எடுத்துக்கறேன். தேங்க்யூ ஃபார் யுவர் கரேஜ்."

அவள் தைரியத்துக்கு நன்றி சொன்னவர், அவள் கதவைச் சாத்திய கையோடு அருள்குமாரைக் கூப்பிட்டிருக்கிறார். வேலைக்குச் சேரும்போது அவள் எழுதிக் கொடுத்த படிவத்தில் 'தந்தையின் கைபேசி எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்திரண்டு வயது இன்ஜினியருக்கு அந்தக் கட்டம் எதற்கென்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு, சுப்பண்ணன் மேசைக்கு எதிரே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தார். விடியக்காலம் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

மகளைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது: "யாரு கண்ணு அந்தப் பையன்?"

"எந்தப் பையனுங்கப்பா?"

"பொண்ணு விஷயமா ஒண்ணு பேசோணும், போன்ல சொல்ற மாதிரி இல்ல, நேர்ல வாங்கன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ராத்திரி பூராக் கண்ணு மூடல. உங்கம்மா சோறே திங்கல. நம்ம பக்கத்துப் பையன்தானா? அதையாச்சும் சொல்லு."

அவள் வாய்திறக்குமுன் அருள்குமார் ஓடிவந்து, "வாங்க, வாங்க, ஐயா!" என்று கைகூப்பி அவரை ஏ.சி. அறைக்குள் அழைத்துப் போனார். சோபாவின் நுனியில், அழுக்காகிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி, பொங்கியண்ணன் உட்கார்ந்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, ஊரில் மழை உண்டா என்ற விசாரணை வந்தது. விஷயம் மட்டும் வரவில்லை.

"பாப்பா நல்ல புள்ளைங்க ஐயா. வேலைல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. ஆனா... அந்த... லேடீஸ் சமாச்சாரம் ஒண்ணு... அத எம்.டி. சார்கிட்டயே..."

பொங்கியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "எம்.டி. சார்கிட்டயுங்களா?"

"ஐயோ, அது இல்லீங்க! அந்த... ரெஸ்ட் ரூமு..."

"கக்கூஸ் பூட்டிக் கெடக்குது, தொறங்கன்னு கேட்டனுங்கப்பா," என்றாள் லோகப்பிரியா. "அவ்வளவுதான். சாருக்கு அந்த வார்த்த வாயில வராது."

பொங்கியண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப லவ்வு ஒண்ணும் இல்லீங்களே?"

"சேச்சே! அதெல்லாம் இல்லீங்க!"

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரை வைத்துக்கொண்டு அவர் செய்த முதல் வேலை, எழுந்து நின்று கைகூப்பியது.

"மன்னிச்சுப் போடுங்க சார். எங்கூட்டுல மொதமொதல்ல படிச்ச புள்ளைங்க. எதப் பேசலாம், எதப் பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு எங்களுக்குத் தெரியலீங்க."

"எடுத்துச் சொன்னாக் கேட்டுக்குமுங்க," என்றார் அருள்குமார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். குடும்பம்னு இருந்தா பெத்தவங்க காதுல போட்டு வெக்கறதுதானுங்க மொறை."

லோகப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிய அந்தக் கைகளில் மட்டை உரித்து உரித்துக் காய்த்த காய்ப்பு இருந்தது. அந்தக் கைகள் கூலிக்காகக் கூட இப்படிக் கூப்பி அவள் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தாள். "அப்பா, களத்துல ஒண்ணுக்குப் போறதுக்கு யாருகிட்டயாச்சும் சாவி வாங்குவீங்களா?"

"தென்னமரத்துக்குப் பொறகால போறதுக்கு எவனக் கேக்கோணும்?" என்றார். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே, "வேல போயிரும் கண்ணு. பாத்து இருந்துக்க," என்றார். கேட்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா என்று பஸ் போன பிறகு அவள் யோசித்தாள்.

அடுத்த புதன்கிழமை அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை பதினோரு மணிக்கு மெஷின்களை நிறுத்திப் பூஜை போடுவது அந்தக் கம்பெனியில் வழக்கம். பொரிகடலை கொடுப்பார்கள், வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எம்.டி.யின் அம்மா வரலட்சுமி காரில் வந்து நடுநாயகமாக உட்காருவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் கையால் குங்குமம் வாங்கவேண்டும். அவர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

"எந்த ஊரு கண்ணு? வேலையெல்லாம் புடிச்சிருக்குதா? கொறை ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா," என்றான் முன்னால் போன பையன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா," என்றாள் அடுத்தவள்.

"இருக்குதுங்கம்மா," என்றாள் லோகப்பிரியா.

குங்குமச் சிமிழோடு கை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற யஷ்வந்த் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உங்க பையன் விஷயமா ஒண்ணு சொல்லோணுமுங்க," என்றாள் அவள். சத்தமாகத்தான் சொன்னாள்; முப்பத்தெட்டுப் பேருக்கும் கேட்கவேண்டுமே. "போன வாரம் எங்கப்பாவ உடுமலப்பேட்டைல இருந்து வரச்சொல்லி, எம்பட விஷயத்த அவருகிட்டச் சொன்னாங்க. குடும்பம்னா பெத்தவங்க காதுல போட்டு வெக்கறதுதான் மொறைன்னாங்க. அதனால சொல்றனுங்க. லேடீஸ் கக்கூஸ் ரெண்டுல ஒண்ணுல உங்க பையன் செம்புக் கம்பி போட்டு வெச்சிருக்காருங்க. இன்னொண்ணப் பூட்டிச் சாவிய கேட்டுல குடுத்துட்டாருங்க. போற நேரம், வார நேரம் நோட்டுல எழுதோணும். எட்டு நிமிஷத்துக்கு மேல ஆனாச் செவப்பு வட்டமுங்க. நல்ல பையன்தானுங்கம்மா, ஒரு குத்தம் சொல்ல முடியாது. எடுத்துச் சொன்னாக் கேட்டுக்குவாருங்க."

அருள்குமார் தட்டிலிருந்த கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது தன்னையும் சேர்த்து எரித்துவிட்டால் தேவலை என்பது போலிருந்தது அவர் முகம்.

"யசு, நெசமாடா?" என்றார் வரலட்சுமி.

"அம்மா, அது ஒரு ப்ராசஸ். ப்ரொடக்டிவிட்டி..."

"பொய் சொல்றாளா, நெசமா? அத மட்டும் சொல்லு."

"நெசந்தானுங்கம்மா." இது பின்னாலிருந்து வந்தது. முத்தாத்தாள். பதினாலு வருடத்தில் அவள் குரல் அந்த ஷெட்டில் இவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. அவளே பயந்துபோய்ச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சக்கரைங்க. போன மாசம் ஒம்போது வட்டமுங்க."

வரலட்சுமி முத்தாத்தாளைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "எனக்கும் சக்கரைதான். எனக்கு எத்தன வட்டம் போடுவே?" என்றார். அதற்கு மேல் அவர் தங்கள் வீட்டுத் தெலுங்கில் சொன்ன நாலு வாக்கியத்துக்கு அங்கே யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

சுப்பண்ணன்தான் பூட்டைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே நோட்டையும் கொண்டுபோய்க் குப்பை எரிக்கிற தகர டின்னில் போட்டுவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் செம்புச் சுருள்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. இத்தனை நாள் இடமே இல்லாத ஸ்டோரில் எப்படியோ இடம் வந்துவிட்டது.

காரில் ஏறுமுன் வரலட்சுமி லோகப்பிரியாவைக் கூப்பிட்டார். "கேட்டது சரி கண்ணு. ஆனா சாமி கும்புடற எடத்துல இந்தப் பேச்ச எடுத்திருக்க வேண்டாம்."

"வேற எடத்துல எல்லாம் எடுத்துப் பாத்துட்டனுங்கம்மா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை அருள்குமார் கூப்பிட்டு அனுப்பினார். அதே அன்பு, அதே டீ. கூடவே ஒரு கடிதம். பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமாக நீட்டிக்கப்படுகிறது. இன்னும் ஐந்து மாதம் பாக்கியிருக்கிற காலத்தை இப்போதே நீட்டிவைத்திருந்தார்கள், அவ்வளவு முன்யோசனை.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி கண்ணு. கீழ ஒரு கையெழுத்து மட்டும்."

அவள் இந்த முறை டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கடிதத்தையும் அப்படியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள்.

"எதுக்கு நீட்டறீங்கன்னு இதுல எழுதலீங்களே சார்?"

"காரணமெல்லாம் வாயிலதான் கண்ணு சொல்லுவோம். பேப்பர்ல எழுத மாட்டோம்."

"அப்ப நானும் வாயிலயே கையெழுத்துப் போட்டுக்கறனுங்க சார்," என்றாள் லோகப்பிரியா. பேனாவை மூடிக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு, ஓவர்கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சோதிக்கவேண்டிய நாற்பது மோட்டார்களைப் பார்க்கப் போனாள்.