மழையில் கொட்டிய சாம்பல்

பாகூரில் எங்கள் பண்ணைக்காரர் தணிகைவேல் ஏதோ பிரெஞ்சுப் புத்தகம் படித்தாராம். பனிக்கு முன்னால் பொட்டாசு உரம் போட்டால் செடி கருகாதாம். சீமையில் நடந்த சண்டையால் கப்பலில் உரம் வரவில்லை. அடுப்புச் சாம்பலிலும் அந்தச் சத்து உண்டென்று ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பினார். வீட்டுக்கு மூன்று கூடை, சும்மாவே கொடுக்க வேண்டும்.

என் சுரைக்கொடிக்காகப் பானையில் மூடி வைத்திருந்ததையும் வழித்துக்கொண்டு போனார்கள்.

"நனைஞ்சா சத்து தண்ணியோட போய்டும், மூடி வையுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். சாம்பல் தண்ணீரில் துணி வெளுக்கிறவளுக்கு இது தெரியாதா? எவன் கேட்டான்! தோட்டத்து மேட்டில் வெட்டவெளியில் கொட்டினார்கள். ஒரு மாத அடைமழை அதன்மேலேயே பெய்தது. அப்புறம்தான் அள்ளிக் கத்தரிக்குப் போட்டார்கள்.

மார்கழிப் பனியில் கத்தரி முழுக்கக் கருகியது. பண்ணைக்காரர் எங்கள் தெருப் பெண்களைக் களத்தில் நிறுத்தி, "சாம்பல்ல மண்ண கலந்து ஏமாத்திட்டீங்களாடி?" என்று கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை மேட்டுக்கு அழைத்துப் போனேன். சாம்பலில் இருந்து மழைத்தண்ணீர் வழிந்த தடம் நெடுகக் கோரைப்புல் ஒரு நுனிகூடக் கருகாமல் கரும்பச்சையாக நின்றது.

"மண்ணு கலக்கல ஆண்டே. நீங்க உரம் போட்டது இந்தக் கோரைக்குத்தான். அறுத்துக் கொழம்பு வெச்சித் துன்னுங்க."