ஆறிப்போன முட்டைகள்

முட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, கைபேசி விளக்கை அடியில் வைத்துப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. போன வாரம் அதற்குள் சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது வலையைக் காணோம். மங்கலாக ஒரு ரத்த வளையம் மட்டும் தங்கியிருந்தது. பரிசோதனைக்கூடத்தில் பகலெல்லாம் ஊரார் ரத்தத்தைப் பார்ப்பவள் அவள். தெருவில் அவளுக்கு 'ரத்தக்காரம்மா' என்றுதான் பெயர். உயிர் போன ரத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னறை முழுக்க அவளுடைய லவ் பேர்ட்ஸ். ஒவ்வொரு கூண்டின் கம்பியிலும் சதுரமாக ஒரு வாசல் வெட்டி, வெளிப்பக்கம் ஒட்டுப்பலகைப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தாள். பெண் கிளிகள் காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து, வால் பக்கத்து இறகுக்குள் செருகிக்கொண்டு பெட்டிக்குள் போகும் அழகைப் பார்க்கவே அவள் விடியலில் எழுந்துவிடுவாள். ஒரு ஜோடி இரண்டு முறை குஞ்சு பொரித்தால் பெட்டியைக் கழற்றி ஓய்வு கொடுப்பாள். அடைகாக்கும்போது எப்போதாவது ஒரு முறைதான் மூடியைத் திறப்பாள். சும்மா சும்மா திறந்தால் தாய் மிரண்டு வெளியே வந்துவிடும். திரும்பி உள்ளே போகாது. முட்டை ஆறிப்போகும்.

அப்படித்தான் ஆறியிருந்தது. அதுவும் அடுத்தடுத்த கூண்டுகளில். மூடியின் கொக்கியை அவள் இடப்பக்கம் பார்த்துத்தான் மாட்டுவாள். இப்போது அது வலப்பக்கம் பார்த்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பலகையில் தைலவாசம்.

அந்த வீட்டில் தைலம் நாத்தனாருடையது. கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். கூடத்து மூலையில் கட்டில், தலையணைக்கடியில் தைலப் புட்டி. வந்த புதிதில், "பறவைக்கு ஒரு ரூமு, மனுஷிக்கு ஒரு மூலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் இப்போது மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, பின்ரூம் பக்கம் போனீங்களா?"

"எனக்கு அங்க என்ன வேலை? அதுங்க போடுற கூச்சலுக்கு இங்கயே காது அடைக்குது."

பதில் கொஞ்சம் வேகமாக வந்ததாக அவளுக்குப் பட்டது.

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். லிப்ட் மெக்கானிக், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"அக்காவுக்கு எதுக்குடி இந்த வேலை? பூனை கீனை வந்திருக்கும்."

"வந்த பூனை கொக்கிய மாட்டிட்டுப் போச்சாக்கும்?"

அவன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். வழக்கம்போல அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது தன் தலைமுடி ஒன்றைப் பசை தொட்டு மூடியின் விளிம்பில் ஒட்டிவைத்தாள். சாயங்காலம் முடி அறுந்திருந்தது. அன்று நாத்தனார் கொடுத்த டீயை அவள் குடிக்காமல் தொட்டியில் கொட்டினாள். இனி கண்ணால் பார்த்துவிடுவது என்று அடுத்த நாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள்.

வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டார்.

"அடடே! என்னம்மா, இந்நேரத்துக்கே வந்துட்ட? உடம்பு ஏதும் சரியில்லையா?"

அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். ஆனால் கண் அவளைப் பார்க்கவில்லை, பின்னறையைப் பார்த்தது. இவர் இங்கே இருக்கிறார் என்றால் அங்கே யார்? அவள் செருப்போடு உள்ளே நடந்தாள்.

கவிழ்த்த வாளியின்மேல் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சீருடை கசங்கவில்லை. நெற்றியில் தைலம் பளபளத்தது. எதிரே கூண்டில் மூடி திறந்த பெட்டி ஒன்று, உள்ளங்கையில் ஒரு முட்டை. தாய்க்கிளி கூண்டின் உச்சியில் தொற்றிக்கொண்டு அலறியது.

"இதுல இன்னும் உசுரு இருக்கு," என்றான், அவள் அதைத்தான் கேட்க வந்தவள் போல.

"வேலைக்குப் போகல?"

"வேலை போயிருச்சு. மாசம் பொறந்ததுமே ஆளக் கொறச்சுட்டாங்க."

"எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"ஒரு குஞ்சு பொரிச்சிட்டா நீ சந்தோஷமா இருப்ப. அப்போ சொல்லிரலாம்னு இருந்தேன். இன்னிக்குப் பொரிக்குமா, நாளைக்குப் பொரிக்குமான்னு தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீங்க பாத்துப் பாத்துத்தாங்க எல்லாம் செத்துச்சு."

அவன் முட்டையை மெதுவாக, மிக மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தான். அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

நாத்தனார் கதவோரம் வந்து நின்றார். "நீ மனசு ஒடைஞ்சிருவன்னு நான்தாம்மா சொல்ல வேணாம்னேன். அவன வையாத."

வீணாக ஒரு மனுஷியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற கூச்சம் ஒரு கணம்தான் நின்றது. சந்தேகம் வீணில்லையே, ஆள்தானே மாறிப்போனது? தினமும் காலையில் இவள் கையால் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, தெருமுனையில் காத்திருந்து, இவள் பஸ் போனதும் திரும்பி வந்திருக்கிறான். கதவைத் திறந்துவிட அக்கா. தன் வீட்டிலேயே தனக்குத் தெரியாமல் ஒரு பகல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஆளைக் குறைத்தார்கள் என்பதாவது நிஜமா? இல்லை, யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு வந்தானா?

அன்று சாயங்காலம் அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவன் வைத்த முட்டையிலும் அசைவு நின்றிருந்தது. பெட்டிகளையெல்லாம் கழற்றினாள். அவன் கேட்காமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினான். நாத்தனார் பழைய காகிதத்தைக் கூட்டி அள்ளினார். கூண்டு வாசல்களைப் பலகைத் துண்டு வைத்துக் கம்பியால் கட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டவள் கேட்டாள்:

"எனக்குத் தெரியாம இன்னும் என்ன இருக்கு?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் இமைக்கும் நேரம்தான்.

"ஒண்ணுமில்ல," என்றான் அவன்.

கூண்டுக்குள் தாய்க்கிளி சற்றுமுன்வரை வாசல் இருந்த இடத்துக்கு நகர்ந்து வந்தது. பலகையை அலகால் ஒரு முறை தட்டியது. தலையைச் சாய்த்துக் காத்திருந்துவிட்டு, மறுபடி தட்டியது.