ஆசைப்படாத இசையமைப்பாளன்

நாச்சிமுத்து மெட்டுப் போடுகிறவன்தான். ஆனால் மெட்டை அவன் போடுவதில்லை, தாயக்கட்டை போடும். கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே சுவரில் எழுதியிருக்கும் சுரத்தை ஆர்மோனியத்தில் அமுக்குவான். காதைப் பொத்திக்கொள்ளும்படி விழுந்தாலும் மாற்ற மாட்டான். மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கூத்து. இசையமைக்கிறவனுக்கு ஆசையே இருக்கக் கூடாது, எது விழுகிறதோ அதுதான் சங்கீதம் என்று சேலம் சூரமங்கலத்தில் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தான். அப்பா விட்டுப்போன லாரி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால், வேறு வேலை பார்க்கிற அவசியம் அவனுக்கு வரவில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி வைத்தான். ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, துருத்தியைக்கூடத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டான். மௌனம்தான் அன்றைய உருப்படி. மின்விசிறி கடகடத்தது, ஜங்ஷனில் இன்ஜின் ஊதியது, யாரோ தும்மினார்கள். அத்தனையும் சங்கீதமாம். முன்வரிசையிலிருந்த மெக்கானிக் ஒருவர் பொறுக்க முடியாமல் மேடையேறி, "ரிப்பேருங்களா? நான் வேணா பாக்கட்டுங்களா?" என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. கடைசிவரை உட்கார்ந்திருந்தவள், ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த கமலவேணி மட்டும்தான்.

"எப்படிங்க இருந்துது?" என்று அவளிடம் கேட்டான்.

"எனக்கு சங்கீதமெல்லாம் தெரியாதுங்க. டைப் மெசின் சத்தமில்லாம ஒரு சாயங்காலம் உக்காந்திருந்தேன். அதுவே நல்லா இருந்துது."

அந்தப் பதிலில் நாச்சிமுத்து விழுந்தான். எந்தக் கட்டையையும் உருட்டாமலே விழுந்தான். அடுத்த வாரமே எருமப்பட்டிக்குப் பஸ் ஏறிப்போய், அவள் அப்பா தங்கசாமியிடம் பெண் கேட்டான்.

தங்கசாமி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற ரகமில்லை. "நம்ம கையில என்னங்க தம்பி இருக்குது? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். ரெண்டு பொட்டலத்துல பூவக் கட்டி வெச்சு, ஒண்ண எடுத்துப் பாக்கறது. வெள்ளை வந்தா மேளத்துக்குச் சொல்லீரலாம். செவப்பு வந்தா, உங்களுக்கு வேற எங்கியோ பொண்ணு பொறந்திருக்குதுன்னு அர்த்தம்."

"ரொம்பச் சரிங்க மாமா! பாட்டுல நான் அதைத்தானுங்க பண்றேன்!" என்று ஆரம்பித்து, தற்செயலின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டான். தங்கசாமி கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

வெளியே வந்தபிறகுதான் யோசித்தான். பாட்டு கோணலாக விழுந்தால் கேட்கிறவன் காதுதான் போகும். இது கோணலாக விழுந்தால் கமலவேணியே போய்விடுவாள். நேரே அந்த ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி அங்கமுத்துவிடம் போய், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைக்கும்படி கெஞ்சினான். இது சங்கீதமில்லை, கல்யாணம், இதற்குச் சட்டம் வேறு என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். கமலவேணியும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கமுத்து அம்மன் காலடியில் இரண்டு பொட்டலங்களை வைத்து, இனிமேல் உள்ளே வருகிற முதல் ஆள் எடுக்கட்டும் என்றார். எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கோ பம்புசெட் ஓடியது. ஒரு காக்கை விடாமல் கத்தியது. நாச்சிமுத்துவுக்கு அதைக் கல்லால் அடிக்கலாம் போலிருந்தது.

வந்தவர் ஒரு லாரி டிரைவர். சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்க வந்தவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"ஆத்தா உத்தரவு குடுக்கலீங்களே தம்பி" என்று தங்கசாமி வெகு அழகாக வருத்தப்பட்டார்.

"அதெப்படிங்க செவப்பு வரும்?" நாச்சிமுத்து அலறினான். "ரெண்டுலயும் வெள்ளையத்தானுங்களே வெக்கச் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான், வாய் என்ன சொல்லித் தொலைத்தது என்று அவனுக்கே உறைத்தது.

"பாத்தீங்களா! சாமிகிட்டயே தில்லுமுல்லு!" என்று தங்கசாமி குதித்தார்.

அங்கமுத்து அவர் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டுலயும் செவப்பு வெக்கச் சொன்னீங்களே, அதுக்கு என்னங்க பேரு? ரெண்டு பேரும் வேண்டியவங்க. ஆரு பேச்சைத் தட்டறது? அதான் ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைன்னு வெச்சுப்போட்டேன்." இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினார். வெள்ளை அரளிதான் இருந்தது.

ஆக, ஒருவருடைய ஆசையும் கலக்காத சுத்தமான தற்செயல் என்று நாச்சிமுத்து ஊரெல்லாம் பேசித் திரிந்தது அன்றைக்கு அவன் கண்ணெதிரே நடந்தேவிட்டது. அவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தங்கசாமியும் அவனும் ஒருவரையொருவர் ஏச ஆரம்பித்தார்கள். டிரைவர் பழத்தை வாங்கிக்கொண்டு நைசாக நழுவினார்.

"கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று கமலவேணி எழுந்தாள்.

பொய்க்காரன் என்று திட்டப்போகிறாள் என்று நாச்சிமுத்து நினைத்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்பாவும் பூசாரியக் கேட்டாரு, நீங்களும் பூசாரியக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேன்."

"இப்பக் கேக்கறனுங்க..." என்றான் நாச்சிமுத்து.

"இப்ப எனக்கு சேலம் பஸ்சுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.