கலியாணம் முடித்த ஆள்

கட்டில் வாசலுக்குள் நுழையவில்லை. கொண்டுவந்த தச்சன்மார் இரண்டு பேரும் நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், கடைசியில் வேர்த்துப்போய் அதை மண்டபத்தின் நடுவில் வைத்துவிட்டு நின்றார்கள்.

"கதவக் கழட்டினாத்தான் போகும் மாமி," என்றான் ஒருவன்.

"கழட்டுங்க," என்றாள் பாஹிமா.

அது அவளுடைய மூத்த மகள் ஸம்றாவின் அறை. அவளுடைய மேசையும் புத்தகங்களும் காலையிலேயே குசினிப் பக்கத்துக்குப் போய்விட்டன. ஸம்றா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"உம்மா, கதவக் கழட்ட வேணாம். எனக்குக் கதவு வேணும்."

"திரும்பப் பூட்டுவாங்கதானே கா. மாப்பிள்ள வாற ஊட்டுல கதவில்லாமலா உடுவம்?"

மாப்பிள்ளையாம். அந்த மாப்பிள்ளை யாரென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெருவில் பாதிப் பேருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கெம்பஸில், வைத்து ஸம்றாவைக் கெடுத்தவன் அவன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கும் அவளுக்கும் நிகாஹ். இதற்கு எங்கள் ஊரில் தீர்வு என்று பெயர்.

சாய்ந்தமருதில் கலியாணம் முடித்த பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி அவள் பெயரில் எழுதிவிட்டு, பின்வளவில் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று மேடையில் ஏறிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸம்றாவின் வாப்பா சாலிஹும் அப்படி நம்பித்தான் கட்டாரில் லொறி ஓட்டினார். பழைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, ஒழுங்கையின் உட்பக்கமாகப் பார்த்து மகளுக்காக இந்த வீட்டை எழுப்பினார். மேல்மாடிக்கு இன்னும் சாந்து பூசவில்லை. இப்போது அந்த வீட்டுக்குள்தான் அவன் வரப்போகிறான்.

ஸம்றாவுக்குக் கெம்பஸ் கிடைத்தபோது சாலிஹ் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். ஆனால் கெம்பஸ் தூரம், அரைநாள் பஸ். கலியாணமாகாத கொமருப் பிள்ளையைத் தனியாக விடலாமா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சாலிஹ் ஊரில் ஒரு தகப்பன் என்ன செய்வாரோ அதையே செய்தார். அந்தக் கெம்பஸில் நம்மட ஆக்கள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பக்கத்து ஊர்ப் பஸாலைக் கண்டுபிடித்தார். பெரிய வகுப்புப் படிக்கிறவன், தொழுகையாளி, ஊர் மாணவர் சங்கத்தின் செயலாளர். அவனுக்கு அவரே போனில் கோல் எடுத்தார்.

"தம்பி, இது ஒங்கட தங்கச்சி மாதிரி. இனி ஒங்கட பொறுப்பு."

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மாமா. நான் இரிக்கன்."

அன்று சாலிஹ் நிம்மதியாகத் தூங்கினார். பாவம், மனிதர் மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தார்.

பஸால் பொறுப்பைச் சரியாகத்தான் எடுத்தான். லீவுக்கு வரும்போது ஒரே பஸ்ஸில் கூட்டிவந்தான். மற்றப் பொடியன்கள் அவளோடு கதைத்தால் கூப்பிட்டு எச்சரித்தான். பெண்பிள்ளைகளிலும் கண்டவர்களோடு கூட்டு வேண்டாம் என்று சொல்லி வைத்தான். எது தேவையென்றாலும் அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரிய வகுப்புக்காரர்கள் புதிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைக் கெம்பஸில் குப்பி என்பார்கள். ஒரு நாள் பின்னேரம் குப்பி முடிந்து எல்லாரும் எழும்பிப் போனபோது, "நீ நில்லு, ஒனக்கு நோட்ஸ் தாறன்," என்றான். அவள் நின்றாள். வாப்பா ஒப்படைத்த ஆள் நில் என்றால் நிற்காமல் என்ன செய்வாள்? வேண்டாம் என்றாள், தள்ளினாள், கத்தினாள். அவன் விடவில்லை. அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, அவளும் யாரிடமும் இரண்டாம் தரம் சொல்ல விரும்பவில்லை.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த ஆலையடிவேம்பு ஊர்ப் பிள்ளை சுஜித்தாதான் அவளைக் கையில் பிடித்து விசாரணைக்குப் பொறுப்பான மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனாள். முறைப்பாடு எழுதிக் கொடுத்தாயிற்று. விசாரணைக்கு ஒரு புதன்கிழமையும் குறித்தாயிற்று. ஆனால் அவள் பஸ் ஏறி ஊர் வந்து சேருமுன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பஸாலின் ஆட்கள் சாலிஹின் வம்சவழிக் குடிக்குப் பெரியவரான அச்சிமுகம்மது மரைக்காரைப் பிடித்துவிட்டார்கள்.

மரைக்கார் வந்து மண்டபத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மையத்து வீடு, கலியாண வீடு எதுவென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"சாலிஹ், பொலிசு, கோடு கச்சேரி எண்டு போனா பொடியன்ட படிப்புப் போகும். புள்ளட பேர் போகும். ஒனக்கு இன்னம் ரெண்டு கொமரு இரிக்கி. பொடியன் முடிக்கிறன் எண்டு ஏத்துக்கிட்டான். காசு, நகை ஒண்டும் கேக்கல்ல. ஊடு மட்டும்தான்."

கேட்டீர்களா, ஊடு மட்டும்தான். கெடுத்ததற்கு ஒரு வீடு.

திரைக்குப் பின்னால் நின்ற ஸம்றா வெளியே வந்தாள். பெண்பிள்ளைகள் அப்படி வருவதில்லை.

"மரைக்கார் மூத்தாப்பா, அவன் செஞ்சது குற்றமா இல்லையா? அத மட்டும் செல்லுங்க."

"குற்றம்தான் புள்ள. ஆரு இல்லெண்ட? அதுக்குத்தானே நிகாஹ் செஞ்சி வைக்கம்."

"குற்றம் செஞ்சவன நான் ஏன் என்ட ஊட்டுல வச்சிச் சோறு போடணும்?"

மரைக்கார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சாலிஹைப் பார்த்தார். சாலிஹ் மகளைப் பார்க்காமல், "உள்ளுக்குப் போ மகள்," என்றார்.

அன்றைக்குப் பிறகு ஸம்றா வாப்பாவிடம் கெஞ்சாத நாளில்லை. "என்னக் கெம்பஸுக்கு அனுப்ப வேணாம் வாப்பா. கலியாணமும் வேணாம். அந்தப் புதன்கிழமை மட்டும் கூட்டிப் போங்க, செல்லிட்டு வந்துடுறன்." சாலிஹ் ஒவ்வொரு தரமும் அழுதார். நான்தான் உன்னை அவனிடம் கொடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டுக் கலியாணச் சாப்பாட்டுக்கு மாடு பேசப் போனார். பாஹிமா இரவல் வாங்கிய தைரியத்தில் நடமாடினாள். ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், மகள் பக்கத்தில் வந்து நின்றதும் கையைக் கழுவாமலே அவள் தலையைத் தடவினாள். "என்னால என்ன ஏலும் மகள்? செல்லு, என்ன ஏலும்?" என்றாள். ஸம்றாவுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிகாஹ். அதற்கு முன் சாலிஹ் இரண்டு சாட்சிகளோடு அறை வாசலுக்கு வந்து, "மகள், பஸாலுக்கு ஒன்ன நிகாஹ் செஞ்சி குடுக்கன், சம்மதமா?" என்று கேட்டார். ஸம்றா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நிறுத்த முடியாமல் அழுதாள்.

"கொமரு அழுறதும் சம்மதம்தான்," என்றார் மரைக்கார். "நேரமாகுது, வாங்க."

போய்விட்டார்கள். பள்ளியில் பதிவுப் புத்தகத்தை விரித்தார்கள். பஸால் கையெழுத்து வைத்தான். சாலிஹ் வைத்தார், சாட்சிகள் வைத்தார்கள், பதிவுகாரர் வைத்தார். பெண்ணின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. ஒலிபெருக்கியில் துஆ கேட்டபோதுதான் தனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்று ஸம்றா தெரிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் மரைக்கார் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தார். முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்று கெம்பஸுக்கு எழுதிய கடிதம். தட்டச்சு செய்து, எல்லாம் ஆயத்தம். "இதுல ஒரு கையெழுத்த வை புள்ள," என்று பேனாவை நீட்டினார்.

ஸம்றா பேனாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தக் கிழமை முழுவதும் அவளிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த பொருள் இது ஒன்றுதான்.

"நிகாஹுக்கு என்ட கையெழுத்து வேணாம் எண்டீங்க. இதுக்கு மட்டும் என்னத்துக்கு? நான் வைக்கமாட்டன்."

"அதான் முடிஞ்சிட்டே மகள்," என்றார் சாலிஹ்.

"ஒங்களுக்கு முடிஞ்சிட்டு. எனக்கு முடியல்ல."

மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், மாமியார்க்காரி வந்து கட்டிப்பிடித்து முத்தமிட்டுப் பார்த்தாள். ஸம்றா கையைத் துப்பட்டிக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரைக்கார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சரி, இந்த ஒன்றிலாவது வென்றோம் என்று அவள் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

திங்கட்கிழமை மேடம் கோல் எடுத்தார். நல்ல மனுசி, குரலில் உண்மையான அன்பு இருந்தது.

"ஸம்றா, வாழ்த்துக்கள். நிகாஹ் பதிவின்ட பிரதி எங்களுக்கு வந்திட்டு. ரெண்டு பேரும் புருசன் பெண்சாதி எண்டபடியா விசாரணைக் குழு இத முடிச்சி வைக்கத் தீர்மானிச்சிருக்கு."

"மேடம், நான் வாபஸ் வாங்கல்ல. கையெழுத்து வைக்கல்ல."

"தேவைப்படாது மகள். குடும்ப விசயத்தில நாங்க தலையிட ஏலாது. ஆனா நீங்க முறைப்பாடு செய்தது வீண் போகல்ல. இனி இப்படி நடக்காமலிருக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கம். பெண்பிள்ளைகள் அஞ்சு மணிக்குப் பிறகு குப்பிக்குப் போகக் கூடாது எண்டு அறிவித்தல் போட்டாச்சு. முடிஞ்சவரைக்கும் தெரிஞ்ச, நம்பிக்கையான ஆக்களோட மட்டும் போங்க எண்டும் சொல்லியிருக்கம்."

தெரிந்த, நம்பிக்கையான ஆட்களோடு. ஸம்றா போனை வைத்தாள்.

மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். கெம்பஸ் லீவு முடியும்வரை பஸால் அந்த வீட்டில் இருந்தான். கழற்றிய கதவைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள், ஆனால் இப்போது உள்ளிருந்து தாழ் போடுகிறவன் அவன். அந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மருமகனுக்கு நண்டு பிடிக்குமா, இறால் பிடிக்குமா என்று மட்டும் கேட்டார்கள். சாலிஹ் பின்வளவு அறையிலிருந்து வீட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார். ஸம்றா கெம்பஸுக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டபோது, "நான் முடிச்சிட்டு வாறன், பிறகு பாப்பம்," என்றான் பஸால். அவனுக்குக் கடைசிப் பரீட்சை இருந்தது. படிப்புப் போகக் கூடாதல்லவா. பாஹிமா வட்டிலப்பம் செய்து கட்டிக்கொடுத்து அவனைப் பஸ் ஏற்றினாள்.

அவன் போன மறுநாள் பகல் ஸம்றா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். ஊர் மாணவர் சங்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அவளை யாரும் இன்னும் அதிலிருந்து நீக்கியிருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு ஒரு தரம் வந்து சேரும் புதிய பிள்ளைகள் அதற்குள் சேர்ந்திருந்தார்கள். எழுதினால் அழித்துவிடுவோம் என்று பயந்து, வாயாலேயே சொல்லி அனுப்பினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸம்றா, பஸால்ட பொஞ்சாதி. அவர்ட குப்பிக்கு ஒத்தரும் போகாதீங்க. நில்லு எண்டு சென்னா நிக்காதீங்க. எனக்கு அவர் செஞ்சதக் கெம்பஸுக்குச் செல்லிப் பாத்தன், நிகாஹ் முடிஞ்சிட்டு எண்டு மூடிட்டாங்க. வேறாள் சென்னாப் பொய் எண்டுவாங்க. இப்ப அவர்ட பொஞ்சாதியே செல்றன்."

கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டு போனது. மரைக்கார் வருவார், மாமியார் வருவாள், அவனே திரும்பி வருவான். ஆனாலும் அழிக்கவில்லை.

பிறகு அம்ஹா என்று ஒரு பிள்ளை தனியாக எழுதினாள். புதிதாக வந்தவள், ஸம்றாவுக்கு முகமும் தெரியாது.

"ராத்தா, எனக்கு நாளைக்கு அவர்ட குப்பி. எங்கட வாப்பாதான் அவருக்குக் கோல் எடுத்துப் பேசினாங்க. அவர் கலியாணம் முடிச்ச ஆள்தானே, பயமில்லாமப் போ எண்டு செல்றாங்க. நான் என்ன செய்ய?"

ஸம்றா அதை மறுபடியும் மறுபடியும் படித்தாள். அவளைக் கட்டிவைத்து அவனைச் சுத்தமாக்கிவிட்டார்கள். இனி எந்தத் தகப்பனும் நம்பலாம்.

"போகாத," என்று எழுதினாள். "ஒங்கட வாப்பாவ எனக்கு இப்பவே கோல் எடுக்கச் செல்லு."

சொல்லி வாய் மூடுமுன் என்று சொல்லமாட்டேன், மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்த பிறகுதான் போன் அடித்தது.

"ஆருகா கோல்ல? மருமகனா?" என்று குசினியிலிருந்து கேட்டாள் பாஹிமா.

"இல்ல உம்மா. ஒரு புள்ளட வாப்பா."

பாஹிமா கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பின்வளவில் சாலிஹின் இருமல் சட்டென்று நின்றது. ஸம்றா எழும்பிக் கதவைச் சாத்தவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"ஓம் மாமா, ஸம்றாதான். ஓம், அவர் கலியாணம் முடிச்ச ஆள்தான். என்னத்தான் முடிச்சிரிக்கார். ஏன் முடிச்சார் எண்டு செல்றன், கேளுங்க."