இல்லாத லாரியிலிருந்து விழுந்தவள்

பொழுது விடியும் முன்பே குப்பைக்கு வேர்த்துவிடும். தொட்டியை இரண்டு பேராகத் தலைக்கு மேலே தூக்கினால், அடியிலிருந்து வடிகிற தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போய்ச் சேரும். துடைத்துக்கொண்டு நின்றால் லாரி போய்விடும். ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் தங்கை, வலப்பக்கம் அக்கா. புகைக்குழாய் இருப்பது வலப்பக்கம்.

தங்கைக்கு டிப்போவில் தீக்குச்சி என்று பெயர். ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள். அக்காவுக்குப் பட்டப்பெயர் வைக்க இதுவரை எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

"இன்னைக்கு நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்க்கா."

"போடி. இருமறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்."

லாரி மேட்டில் ஏறியது. ஏறும்போதெல்லாம் அந்தக் கிழட்டு என்ஜின் அடிவயிற்றிலிருந்து கரும்புகையை வாரி அக்காவின் முகத்தில் கொட்டும். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் மை மாதிரி வரும். துண்டை எத்தனை தரம் துவைத்தாலும் டீசல் நாற்றம் போகாது. அன்றைக்கு லாரி வேறு தலைதெறிக்க ஓடியது. வெளிச்சம் வருவதற்குள் டிப்போவின் பின்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. திருடன் மாதிரி எதற்கு ஒளிய வேண்டும் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

டீசல் புகையைக் குறைக்க அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. பழைய லாரியை ஒழித்துவிட்டுப் புகையில்லாத புது லாரி வாங்கினால் பாதிச் செலவு அரசாங்கத்துடையது. பழையது மறுபடி ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அதன் என்ஜினில் கை நுழைகிற அளவு ஓட்டை போட்டு அதிகாரிக்குக் காட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? பழைய இரும்புக் கடையிலிருந்து செத்த என்ஜின்களை வாங்கி, ஓடுகிற லாரிகளின் என்ஜின் நம்பர் தகடுகளைக் கழற்றி அவற்றில் அடித்து, அந்தப் பிணங்களுக்கு ஓட்டை போட்டுக் காட்டினார். மானியம் தவணை தவணையாக வந்தது. பேருக்கு இரண்டு புது லாரி வாங்கி, பக்கவாட்டில் பெரிய பச்சை இலை வரைந்து, வாசலில் நிறுத்திவைத்தார். செத்துப்போனதாகக் கணக்கு காட்டிய லாரிகள் இருட்டில் ஊர்க் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தன. அவர் வயிறு வளர்ந்தது, அக்காவின் நெஞ்சு கரிந்தது.

மேட்டு முனையில் லாரி வேகம் குறைக்காமல் திரும்பியது. அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையில் எண்ணெய்ப் பிசுக்கு. தீக்குச்சி எட்டிப் பிடிப்பதற்குள் அக்கா தார்ரோட்டில் கிடந்தாள். தொடை எலும்பு முறிந்த சத்தம் என்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

லாரி ஓட்டியவரை எல்லாரும் ஹாரன் என்பார்கள். காரணமில்லாமல் ஹாரன் அடிக்கிற மனிதர், பேச்சும் அப்படித்தான். அன்றைக்கு லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். ரோட்டிலேயே உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு தீக்குச்சி முதலாளியின் அறைக்குப் போனாள். கூடவே அக்கா புருஷன். அவர் அதே டிப்போவில் ஃபிட்டர். வேலை நேரத்தில் நடந்த விபத்து, ஆபரேஷன் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி குரலை உயர்த்தாதவர். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த வண்டிம்மா?"

"ஹாரன் அண்ணன் வண்டி."

"அது எப்பவோ செத்துப்போச்சேம்மா. அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு. இல்லாத லாரியிலருந்து உங்க அக்கா எப்படி விழுவாங்க?"

"என்ன வெளையாடுறீங்களா? நானும் அதே படியிலதான் நின்னேன்!"

"என்னைக் கேக்காத. உங்க மாமாவைக் கேளு. அவர் கையாலதானே ஓட்டை போட்டாரு? என்னங்க, போட்டீங்களா இல்லையா?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தார். "போட்டேன்" என்றார்.

"அவ்வளவுதான். வீட்ல வழுக்கி விழுந்ததா ஆஸ்பத்திரியில எழுதச் சொல்லுங்க. பாவம், ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

அந்தப் பாவம் என்ற சொல்தான் தீக்குச்சியைப் பற்றவைத்தது. வெளியே வந்தவள் ஜாக்கி கம்பியைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் கார் கண்ணாடியைப் பார்த்து நடந்தாள். ஹாரன் குறுக்கே விழுந்து கையைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே! அந்தாளு மண்டைய ஒடைக்க முடியல, கண்ணாடியையாவது ஒடைக்கிறேன்!"

"ஒடச்சா சாயங்காலமே வேற கண்ணாடி மாட்டுவான். நீ உள்ள கெடப்ப."

"மாமா, நீங்க மனுஷன்தானா?" ஆத்திரம் அங்கே திரும்பியது. "பொண்டாட்டி நெஞ்சு கருகுறது தெரிஞ்சே அந்த ஆளுக்குத் தகடு மாத்திக் குடுத்தீங்களே!"

"வேலைய விட்டுத் தூக்கிருவேன்னான்" என்றார் அவர். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவளும் அழுதாள். ஆத்திரத்தில் வருகிற அழுகை, அதைத் தொட்டு ஆற்ற முடியாது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நடந்ததைக் கேட்டாள். கத்துவாள் என்று புருஷன் கட்டிலோரம் ஒதுங்கி நின்றார். அவள் கத்தவில்லை, சிரித்தாள்.

"செத்துப்போச்சுன்னா சொன்னான்?"

"ஆமாக்கா."

"அப்ப சாகட்டும்டி. நெசமாவே சாகட்டும். கடைசித் தவணைக்கு ஓட்டையப் பாக்கத்தான அந்த அதிகாரி மறுபடி வரப்போறாரு? அவர் கண்ணு முன்னால அந்த வண்டிய நிறுத்துங்க. உசுரோட இருக்குன்னா நான் அதுலருந்துதான் விழுந்தேன்னு அவன் வாயால சொல்லணும். செத்ததுன்னா ட்ரில்ல வச்சு எறக்குங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் அவனுக்கு வலிக்கணும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஓட்டைய நீங்கதான் போடணும். பொய் ஓட்டை போட்ட கையில நெச ஓட்டை போட்டுட்டு வாங்க. அப்புறம் என் பக்கத்துல உக்காரலாம்."

மறுநாள் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். டிரைவர்கள், குப்பை அள்ளுகிற பெண்கள், லாரி கழுவுகிறவர்கள். பயப்படாதவர் யாருமில்லை.

"வண்டியக் கொன்னுட்டா நம்ம பொழப்பு?" என்று பின்னாலிருந்து ஒரு டிரைவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"நாளைக்கும் ஊர்ல குப்பை விழும்ல?" என்றாள் தீக்குச்சி. "குப்பை இருக்கறவரைக்கும் வண்டி வேணும். புது வண்டிக்கான காச கவர்மெண்டு குடுத்தாச்சு. முழுங்கினத அவன் கக்கட்டும். இந்தக் கரி அடுப்பக் கட்டிக்கிட்டு அழுதா, அக்கா நின்ன எடத்துல நாளைக்கு உங்க வீட்டுப் பொண்ணு நிப்பா."

அப்போது ஹாரன் எழுந்தார். "ஒண்ணு சொல்லணும். வாய மூடிட்டு இருந்தா அந்த இலை போட்ட லாரிய எனக்குத் தர்றேன்னான். உள்ள ஏசியாம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் ஓட்டின வண்டியிலருந்துதான் அவ விழுந்தா. அத மறச்சிட்டு ஏசியில உக்காந்தா எனக்குக் குளிருமா? மொத வண்டி என்னோடது."

யாரும் கை தட்டவில்லை. கேள்வி கேட்ட டிரைவர் முன்னால் வந்து, அடுத்து தன் வண்டி என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அதிகாரி வந்த காலையில் முன்முற்றத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். இரும்புக் கடைப் பிணங்கள் எண்ணெய் பூசிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. முதலாளி மாப்பிள்ளை வீட்டாரை உபசரிக்கிற மாதிரி அதிகாரியை உபசரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஓட்டை தெரிஞ்சாப் போதும், சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார் அதிகாரி. அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து உறுமல் கேட்டது.

ஹாரனின் லாரி கரும்புகையைக் கக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து நின்றது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த மூச்சுமுட்டலை அவர் முகத்தில் பார்க்கத் தீக்குச்சிக்குப் பரம திருப்தியாக இருந்தது. இருக்கட்டும், கொஞ்சம் குடிக்கட்டும்.

"இது என்ன வண்டி?" அதிகாரி இருமினார்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "கழிச்சுக் கட்டினது சார். செத்த வண்டி."

"செத்தது எப்படி சார் நடந்து வந்துச்சு?" என்றாள் தீக்குச்சி. பின்னால் பெண்கள் சிரித்தார்கள். "மொதலாளி, ஒரே கேள்வி. இது உசுரோட இருக்கா, செத்துப்போச்சா? உசுரோட இருந்தா எங்க அக்கா இதுலருந்துதான் விழுந்தா, அத எழுதிக் குடுங்க. செத்ததுன்னா..." அவள் கை காட்டிய இடத்தில் ஃபிட்டர் ட்ரில்லிங் மெஷினோடு நின்றிருந்தார்.

முதலாளி அவள் பக்கம் குனிந்து, பல்லுக்கிடையில் பேசினார். "உங்க அக்கா ஆபரேஷன நான் பாத்துக்கறேன். மொத்தமும். வண்டிய உள்ள எடுக்கச் சொல்லு."

எதற்காக அவர் அறையில் போய் நின்றாளோ அது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும், அக்கா எழுந்து நடப்பாள். தீக்குச்சி திரும்பிப் பார்த்தாள். புகைக்குழாய்ப் பக்கம் நின்று நின்று கண் சிவந்துபோன அத்தனை பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரகசியமாகக் கொடுப்பது ரகசியமாகவே செத்துப்போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சார்! மொதலாளி என் காதுல என்னமோ சொல்றாரு. சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் கேப்போம்."

முற்றமே காத்திருந்தது. முதலாளியின் முகத்தில் ரத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் அவள் கண் இமைக்காமல் ரசித்தாள். மானியத்தின் கடைசித் தவணை அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. பணமா லாரியா என்று அந்த மனிதர் மனக்கணக்குப் போட்டு முடித்தார்.

"செத்த வண்டிதான் சார்" என்றார். "சந்தேகமே வேண்டாம்."

"மாமா, காதுல விழுந்துச்சுல்ல?"

ஹாரன் என்ஜினை அணைத்து, கேபினைச் சாய்த்துக் கொடுத்தார். ஃபிட்டர் மெஷினை என்ஜினின் விலாவில் வைத்தார். உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் ஏற்றினார். இரும்பு வீறிட்டது. சுருள் சுருளாகச் சீவல் உதிர்ந்தது. துருவேறிச் சிவந்த தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் மார்பை நனைத்தது, அதன் பின்னால் கறுத்த எண்ணெய் குபுகுபுவென்று இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று என்று கை நுழைகிற அளவு திறந்த பிறகுதான் நிமிர்ந்தார். கண்ணில் நீர் வழிந்தது, முகத்தில் மட்டும் வஞ்சம் தீர்த்துக்கொண்ட களை.

"சார், இப்பத்தான் இது செத்துச்சு, எழுதிக்குங்க" என்றாள் தீக்குச்சி. "இந்த நிமிஷம் வரைக்கும் உசுரோட இருந்ததையும் எழுதிக்குங்க. எங்க அக்கா இதுலருந்து விழுந்ததுக்கு இந்த முற்றத்துல இருக்கற எல்லாரும் சாட்சி."

அதிகாரி பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். எழுதுவாரா மாட்டாரா என்று அவருக்கே தெரியாத மாதிரி நின்றார். முதலாளிக்கு அன்றைக்குத்தான் குரல் உயர்ந்தது.

"வெளிய போங்கடா எல்லாரும்! போலீசக் கூப்பிடுறேன்! ஒருத்தனுக்கும் நாளையிலருந்து வேலை கெடையாது!"

"கூப்பிடுங்க" என்றார் ஹாரன், ஊருக்கே கேட்கும்படி. "செத்த வண்டிக்கு ஓட்டை போட்டாங்கன்னு கம்ப்ளெயிண்ட் குடுங்க. நாங்களும் வர்றோம்."

முதலாளி ஃபோனை எடுத்தார். உண்மையாகவே பேசினார். வேலை போகலாம், உள்ளே தள்ளலாம், அக்காவின் காலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் கேள்வி கேட்ட டிரைவர் தன் லாரியைக் கொண்டுவரக் கொட்டகைக்குப் போனார். சாவியைப் போடப் போனவரைத் தீக்குச்சி தடுத்தாள்.

"வேணாம்ணே. ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்னைக்கு யாரும் புகை குடிக்க வேணாம். நாங்க தள்றோம்."

பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் பின்னால் போய்க் கை வைத்தார்கள். டிரைவர்களும் கழுவுகிறவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். சட்டை முழுக்க எண்ணெயோடு ஃபிட்டரும் ஓடிவந்து நடுவில் நுழைந்துகொண்டார். தூரத்தில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது.

"பிரேக்க விடுங்கண்ணே!" என்றாள் தீக்குச்சி. லாரி அசைந்தது.